சோழர் கால ஆழிப்பேரலையும் அதைப் பிறப்பித்த கடலடிப் பிளவும்

சோழர் கால ஆழிப்பேரலை என்பது காவிரிப்பூம்பட்டினத்தின் மண்ணடுக்குகளில் கிடைத்த ஒரு கடல்மணல் படிவைக் கொண்டு ஆய்வாளர்கள் இனங்கண்ட இடைக்கால இயற்கைப் பேரிடர் ஆகும். இன்றைக்கு ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன், சோழர் ஆட்சி தழைத்திருந்த காலத்தில், இது நிகழ்ந்தது. 2004 டிசம்பர் 26 அன்று வந்த பேரலைக்கு இதை மூத்த உறவு எனலாம். இதைக் குறிப்பிடும் சோழர் கல்வெட்டு எதுவும் இதுவரை அறியப்படவில்லை. எழுத்துச் சான்றே இல்லாத ஒரு பேரலைக்குக் காரணமான நிலநடுக்கம் எது, அந்த நிலநடுக்கம் எந்தப் பிளவில் எழுந்தது என்பதை எப்படிக் கண்டறிகிறார்கள், அந்த முடிவை எந்த அளவு நம்பலாம் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

பிளவு என்றால் என்ன?

புவியின் மேலோடு பல பெரிய தட்டுகளாக உடைந்திருக்கிறது. இத்தட்டுகள் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் வீதம் நகர்கின்றன. அவை உரசும் இடங்களிலும் தட்டுகளின் உட்பகுதியிலும் பாறை உடைந்து, ஒரு பக்கம் மற்றதற்கு எதிராக நழுவும் தளத்தையே பிளவு என்கிறோம். பிளவு நெடுங்காலம் பூட்டிக்கொண்டு கிடக்கும். அழுத்தம் சேர்ந்து தாங்க முடியாமல் போகும்போது திடீரென நழுவும். அந்த நழுவலே நிலநடுக்கம்.

ஆகவே ஒரு பழைய நிலநடுக்கத்தைப் பற்றி 'எப்போது' என்று தெரிந்தால் மட்டும் போதாது. 'எந்தப் பிளவு' என்றும் தெரிய வேண்டும். ஒரே பிளவு மறுபடி மறுபடி நழுவும் இயல்புடையது. அதன் பழைய வரலாறு தெரிந்தால்தான், அடுத்தது எங்கே, எவ்வளவு பெரிதாக வரக்கூடும் என்று யோசிக்கவே முடியும். 2004-க்கு முன் நம் கடற்கரையில் இப்படியொன்றை யாரும் எதிர்பார்க்காததற்கு ஒரு காரணம், முந்தைய நிகழ்வு மக்கள் நினைவிலிருந்தும் ஏடுகளிலிருந்தும் முற்றிலும் மறைந்துபோனதுதான்.

தரையில் நடந்தவை

எழுத்துச் சான்று இருக்கும் இடங்களில் வேலை ஓரளவு எளிது. 1505 ஜூலையில் காபூல் பகுதியில் நிலநடுக்கம் ஏற்பட்டபோது பாபர் அங்கே இருந்தார். தம் நினைவுக் குறிப்பான பாபர் நாமாவில் கோட்டைச் சுவர்கள் இடிந்ததை மட்டும் அவர் எழுதவில்லை. பக்மான் பகுதியில் நிலம் நெடுந்தூரம் வெடித்ததையும், சில இடங்களில் ஏறியும் சில இடங்களில் இறங்கியும் போனதையும் எழுதிவைத்தார். நிலவியல் படிக்காத ஓர் அரசர், தாம் அறியாமலேயே பிளவின் இருப்பிடத்தைக் குறித்துக் கொடுத்துவிட்டார். மலையடிவாரத்தில் அப்பிளவை இன்றும் பார்க்கலாம்.

நேபாளத்தில் 1255-ஆம் ஆண்டு நிகழ்ந்த நிலநடுக்கத்தில் மன்னர் அபய மல்லர் உயிரிழந்ததாக அந்நாட்டு வரலாற்றுக் குறிப்புகள் சொல்கின்றன. நாள் தெரியும், அரசர் பெயரும் தெரியும். ஆனால் இமயத்தின் எந்தப் பிளவு என்பது எழுநூறு ஆண்டுகளுக்கு மேல் தெரியாமல் இருந்தது. அடிவாரத்தில் சிர் கோலா என்ற ஓடையின் கரையில் குழி வெட்டி, பிளவால் முறிந்த மண்ணடுக்குகளின் காலத்தைக் கணித்து, இமயத்தின் முன்விளிம்புப் பிளவே அப்போது தரைமட்டம் வரை கிழிந்தது என்று 2013-இல் ஆய்வாளர்கள் அறிவித்தனர். 1934-ஆம் ஆண்டின் பீகார்–நேபாள நிலநடுக்கத்திலும் அதே பிளவுதான் கிழிந்தது.

நம் சிக்கல் இவ்விரண்டையும்விடக் கடினமானது. நமக்குப் பாபரும் இல்லை, அபய மல்லரும் இல்லை. பிளவோ கடலுக்கு அடியில், பல கிலோமீட்டர் ஆழத்தில் கிடக்கிறது. அங்கே மண்வெட்டி கொண்டு குழி தோண்ட முடியாது. எனவே குற்றவாளியை நேரில் பார்க்காமல், அவன் விட்டுச்சென்ற தடங்களை வெவ்வேறு ஊர்களில் சேகரித்து வழக்கைக் கட்ட வேண்டியிருக்கிறது. அந்தத் தடங்களில் ஒன்று நம் காவிரியின் கழிமுகத்தில் கிடைத்தது.

காவிரிப்பூம்பட்டினத்து மணல்

காவிரிப்பூம்பட்டினம் சங்க காலத் துறைமுகம் என்பதை மாணவர்கள் அறிவர். 1960-களில் கீழையூரில் நடந்த அகழாய்வில் செங்கல்லால் கட்டிய படகுத்துறை வெளிப்பட்டது. சோழப் பேரரசின் காலத்தில் வணிகத்தில் நாகப்பட்டினம் முந்திக்கொண்டாலும், காவிரிப்பூம்பட்டினத்தில் மக்கள் தொடர்ந்து வாழ்ந்தனர்.

2004-க்குப் பிறகு சி.பி. ராஜேந்திரன், குசலா ராஜேந்திரன் முதலிய நிலவியலாளர்கள் தமிழகக் கடற்கரையில் பழைய பேரலைகளின் தடங்களைத் தேடினர். மாமல்லபுரம் பகுதியில் கிடைத்த கடல்மணல் அடுக்குகளைப் பற்றி அவர்கள் 2006-இல் எழுதினர். காவிரிப்பூம்பட்டினத்தில் கிடைத்ததைப் பற்றிய ஆய்வுக் கட்டுரை 2011-இல் வெளிவந்தது. சோழர் காலப் பானை ஓடுகள் கிடக்கும் குடியிருப்பு மண்ணுக்கு இடையே கடலிலிருந்து வந்த மணல் ஓர் அடுக்காகப் படிந்திருப்பதை அவர்கள் கண்டனர். ஊரின் மண்ணுக்குள் கடலின் மண் புகுந்திருந்தது. அதன் காலம் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள்.

கடல்மணல் என்றவுடன் ஆழிப்பேரலை என்று முடிவுகட்டிவிட முடியாது. நம் கரை புயலுக்குப் பேர்போனது. 1964-இல் தனுஷ்கோடியை அழித்ததும், 1977 நவம்பரில் நாகப்பட்டினத்தைத் தாக்கியதும், 2018 நவம்பரில் வந்த கஜாவும் புயல்களே. புயலும் கடலை ஊருக்குள் தள்ளும், மணலையும் கொண்டுவரும். ஆனால் இரண்டும் மணலைப் போடும் விதம் வேறு. புயலலைகள் மணிக்கணக்கில் திரும்பத் திரும்ப மோதுவதால் மணல் மெல்லிய வரிவரியாகப் படியும்; பெரும்பாலும் கரையோரமாகவே நின்றுவிடும். ஆழிப்பேரலையில் வருவது சில பெரும் நீர்ப்பெருக்குகள் மட்டுமே. அவை உள்நாட்டுக்குள் நெடுந்தூரம் ஓடும். வேகம் குறையும்போது பருமணல் முதலில் விழும், பொடிமணல் அதன்மேல் படியும். வழியில் பெயர்த்த களிமண் கட்டிகளும், ஃபொராமினிஃபெரா என்னும் நுண்ணுயிரிகளின் ஓடுகளும் மணலோடு கலந்திருக்கும். ஆழமான கடலில் வாழும் இனங்களின் ஓடுகள் ஊருக்குள் கிடந்தால் அவற்றைக் கொண்டுவந்தது சாதாரண அலையாக இருக்க முடியாது.

இதில் ஆய்வாளர்களுக்கு ஒரு வாய்ப்பும் இருந்தது. 2004-இல் அதே ஊரில் பேரலை வந்து மணலைப் போட்டுச் சென்றிருந்தது. புது மணலையும் பழைய மணலையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட முடிந்தது; இரண்டும் ஒத்திருந்தன. துயரமான நிகழ்வுதான், ஆனால் அது ஒரு மாதிரிப் படிவத்தைக் கொடுத்தது என்பதை மறுக்க முடியாது.

யார் மீது ஐயம்?

பேரலை வந்தது உறுதி என்று கொள்வோம். அதை அனுப்பியது யார்? வரலாற்றில் பதிவான நிகழ்வுகளை வைத்து ஒவ்வொருவராகக் கழிக்க வேண்டும்.

தமிழகத்தின் சொந்த நிலநடுக்கங்கள் முதலில் கழிகின்றன. 1900 பிப்ரவரியில் கோயம்புத்தூர்ப் பகுதியிலும், 2001 செப்டம்பர் 25 அன்று புதுச்சேரிக்கு அப்பால் கடலிலும் நிலம் நடுங்கியது உண்மை. இரண்டாவதன் அளவு 5.5 தான். இந்த அளவிலான நடுக்கம் கடலையே தூக்கி எறியாது. இமயம் தரையில் இருக்கிறது. அரபிக்கடலின் வடக்கே உள்ள மக்ரான் பிளவு 1945 நவம்பரில் பேரலை எழுப்பியது. ஆனால் அந்த அலை மேற்குக் கரைக்குரியது. சுண்டா நீரிணையில் 1883-இல் வெடித்த கிரகத்தோவா எரிமலையின் அலை இந்தியக் கடல்மட்ட அளவிகளில் பதிவானது. ஆனால் நம் கரையில் அது பேரழிவாக இல்லை.

மிஞ்சுவது வங்கக் கடலின் கிழக்கு விளிம்பு. மியான்மரின் அரக்கான் கரையிலிருந்து அந்தமான், நிக்கோபார் தீவுகள் வழியாகச் சுமாத்ரா வரை ஒரு நீண்ட ஆழ்கடல் பள்ளம் வளைந்து செல்கிறது. இந்தியத் தட்டு அங்கே கிழக்குப் பக்கத் தட்டுக்கு அடியில் சொருகிக்கொண்டு இறங்குகிறது. இது ஒரு பெரிய அமிழ்தல் மண்டலம்.

இந்த மண்டலத்தின் எந்தப் பகுதி என்பது அடுத்த கேள்வி. இங்கே ஓர் எளிய விதி உதவுகிறது: ஆழிப்பேரலையின் வலிமை பிளவின் நீளத்துக்குச் செங்குத்தான திசையிலேயே மிகுதியாகப் பாயும். நிக்கோபார், அந்தமான் பகுதியில் பிளவு ஏறக்குறைய வடக்கு–தெற்காக ஓடுகிறது. எனவே அதன் அலை கிழக்கே தாய்லாந்துக்கும், மேற்கே இலங்கைக்கும் தமிழகத்துக்கும் போகும். சுமாத்ராவின் நடுப்பகுதியிலும் தென்பகுதியிலும் பிளவு வடமேற்கு–தென்கிழக்காகச் சாய்ந்திருக்கிறது. அங்கே எழும் அலை தென்மேற்காக, திறந்த இந்தியப் பெருங்கடலுக்குள் போய்விடும். 2005 மார்ச் 28 அன்று நியாஸ் தீவருகே 8.6 அளவிலும், 2007 செப்டம்பர் 12 அன்று பெங்குலு அருகே 8.4 அளவிலும் நிலநடுக்கங்கள் வந்தும் நம் கரைக்குச் சேதமில்லாமல் போனதற்கு இதுவும் ஒரு காரணம்.

அளவு பெரிதாக இருந்தாலும் அலை வராத இன்னொரு வகையும் உண்டு. 2012 ஏப்ரல் 11 அன்று சுமாத்ராவுக்கு மேற்கே 8.6 அளவில் நிலநடுக்கம் வந்தது. சென்னையிலும் உணரப்பட்டது, எச்சரிக்கையும் விடுக்கப்பட்டது, மக்கள் ஓடினார்கள். பேரலை வரவில்லை. அங்கே கடலடித் தளம் பக்கவாட்டில்தான் நழுவியது; மேலே எழும்பவில்லை. தளம் எழும்பினால்தான் நீர் எழும்பும்.

சிறிய நிலநடுக்கங்களுக்கும் இங்கே இடமில்லை. 1881 டிசம்பர் 31 அன்று கார் நிக்கோபாரில் 7.9 அளவில் ஒரு நிலநடுக்கம் நிகழ்ந்தது. அதன் அலை வங்கக் கடலைச் சுற்றியிருந்த துறைமுகங்களின் கடல்மட்ட அளவிகளில் பதிவாயிற்று. எந்தத் துறைமுகத்துக்கு எத்தனை மணிக்கு அலை வந்தது என்பதைப் பின்னோக்கிக் கணக்கிட்டு, நழுவிய பிளவுப்பகுதியின் இடத்தையும் அளவையும் 2003-இல் ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். எனக்குப் பிடித்த ஆய்வுகளில் இது ஒன்று. நூற்றிருபது ஆண்டுக்கு முன்பு யாரோ ஓர் எழுத்தர் ஒழுங்காகப் பேணிவைத்த தாள்கள் அதற்குப் பயன்பட்டன. ஆனால் அந்த அலையின் உயரம் தமிழகக் கரையில் ஒரு மீட்டரைக்கூட எட்டவில்லை. ஊருக்குள் மணலை அடுக்கும் வலு அதற்கு இல்லை. ஆகவே சோழர் காலத்து நிலநடுக்கம் அதைவிட மிகப் பெரியது. அமிழ்தல் மண்டலத்தின் வடக்கு–தெற்காக ஓடும் பகுதி நீளமாகக் கிழிந்த ஒன்று. 2004-இல் கிழிந்த நீளம் ஏறத்தாழ 1,300 கி.மீ.

அக்கரைச் சாட்சிகள்

இதுவரை சொன்னது கழித்தல் கணக்கு. அதை உறுதிசெய்ய, பிளவின் அருகிலேயே அதே காலத்துத் தடங்கள் கிடைக்க வேண்டும். சோழர் வரலாறு படித்தவர்களுக்கு அந்த இடங்கள் புதியவை அல்ல. முதலாம் இராசேந்திரன் 1025-இல் அனுப்பிய கடற்படை வென்றதாக அவன் மெய்க்கீர்த்தி அடுக்கும் ஊர்களில் மாநக்கவாரமும் இலாமுரிதேசமும் உண்டு. முன்னது நிக்கோபார், பின்னது சுமாத்ராவின் வடமுனையான ஆச்சே. இரண்டும் நாம் பேசும் பிளவின் மேலேயே இருக்கின்றன. 1088-இல் தமிழ் வணிகக் குழுவினர் சுமாத்ராவின் மேற்குக் கரையில் பாரூஸ் அருகே தமிழிலேயே கல்வெட்டு பொறித்தார்கள். நம் முன்னோர் அந்தப் பகுதியில் வணிகம் செய்தார்கள், தங்கினார்கள், போரிட்டார்கள். அதன் அடியில் என்ன இருக்கிறது என்பதை அறிய அவர்களுக்கு வழியில்லை.

ஆச்சேயின் கடலோரச் சதுப்பு நிலங்களைத் துளையிட்டுப் பார்த்த குழு, 2004-இன் மணலுக்குக் கீழே இரண்டு பழைய படிவுகளைக் கண்டது. ஒன்று கி.பி. 1290–1400 காலத்தது, மற்றது கி.பி. 780–990. இது 2008-இல் வெளியானது. அதே ஆண்டு தாய்லாந்தின் பிரா தோங் தீவிலிருந்தும் ஓர் அறிக்கை வந்தது. அங்கே 2004-க்கு முந்தைய பெரிய படிவு 550 முதல் 700 ஆண்டுகளுக்கு முற்பட்டது. இலங்கையில் அம்பாந்தோட்டை அருகே உள்ள கரகன் கடற்கழியின் அடிச்சேற்றிலும் பல பழைய பேரலைகளின் மணல் கிடைத்தது.

மணலைவிட நுட்பமான சாட்சி பவளம். ஆச்சேக்குத் தெற்கே உள்ள சிமுலுவே தீவில் தட்டையான தலை கொண்ட பவளத்திட்டுகள் வளர்கின்றன. கடல் வற்றும்போது நீர் எந்த மட்டத்துக்கு இறங்குமோ, அந்த மட்டம் வரைதான் இவை மேலே வளர முடியும். அதற்கு மேல் வெயிலில் பட்டால் இறந்துவிடும். நிலநடுக்கத்தில் தீவு திடீரென உயர்ந்தால் திட்டின் மேற்பகுதி ஒரே நாளில் செத்துப்போகும். தீவு மெல்லத் தாழ்ந்தால் திட்டு மீண்டும் மேல்நோக்கி வளரும். மரத்தின் ஆண்டு வளையங்களைப் போலப் பவளத்திலும் வளையங்கள் உண்டு. யுரேனியம்–தோரியம் முறையில் காலத்தைக் கணித்தால் ஓரிரு ஆண்டுத் துல்லியம் கிடைக்கிறது. இப்படித்தான் 1394-ஐ ஒட்டியும் 1450-ஐ ஒட்டியும் சிமுலுவே உயர்ந்தது என்று கண்டார்கள். 10-ஆம் நூற்றாண்டில் நிகழ்ந்த ஓர் உயர்வுக்கும் அங்கே தடம் உண்டு.

பவளம் பிளவையே சுட்டுகிறது என்பதுதான் இதில் முக்கியம். மணல், அலை வந்ததை மட்டுமே சொல்லும். நிலம் உயர்ந்தது, தாழ்ந்தது என்ற செய்தியோ, நழுவிய பிளவு அந்த நிலத்துக்கு நேர் அடியிலேயே இருந்தது என்பதைக் காட்டும். 2004-இலும் இதுவே நிகழ்ந்தது: அந்தமானின் மேற்குப் பக்கத்துப் பவளப் பாறைகள் நீருக்கு மேலே எழும்பின, போர்ட் பிளேயர் தாழ்ந்தது, பெரிய நிக்கோபாரின் இந்திரா முனை நான்கு மீட்டருக்கும் மேல் இறங்கி, அங்கிருந்த கலங்கரை விளக்கம் கடலுக்குள் நின்றது.

நூற்றாண்டு பொருந்தினால் போதுமா?

இங்கேதான் நிதானம் வேண்டும் என்பது என் கருத்து. காவிரிப்பூம்பட்டினம், ஆச்சே, சிமுலுவே மூன்றிலும் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுக்கு முற்பட்ட தடம் இருக்கிறது. மூன்றையும் ஒரே நாளில் நடந்ததாகச் சேர்த்துவிட மனம் துடிக்கும். ஆனால் கார்பன்-14 தருவது ஓர் ஆண்டை அல்ல, ஒரு காலப்பரப்பை. ஆச்சேயின் 780–990 என்பதே இருநூற்றுப் பத்து ஆண்டு அகலம். அந்த இடைவெளிக்குள் விசயாலயனும் ஆதித்தனும் பராந்தகனும் ஆண்டு முடித்து, இராசராசன் அரியணை ஏறிவிட்டான். 1394-க்கும் 1450-க்கும் இடையில் ஐம்பத்தாறு ஆண்டுகளே இருந்தன. பவளம் மட்டும் இல்லையென்றால் இரண்டையும் ஒன்றென்றே சொல்லியிருப்போம். பத்தாம் நூற்றாண்டிலும் அப்படி இரட்டை நிகழ்வு இருந்திருக்க முடியும். பொருந்துவது காலப்பரப்பு, ஆகவே பிளவு மண்டலத்தைப் பற்றிய முடிவு வலுவானது, ஒரே நிலநடுக்கம் என்ற முடிவு வலுக் குறைந்தது.

'எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை' என்ற கேள்விக்கும் இது பொருந்தும். ஆச்சேயின் ஒரு கடற்கரைக் குகையில், 7,400 முதல் 2,900 ஆண்டுகளுக்கு முன் வரையிலான காலத்தில் பதினொரு பேரலைகளின் மணலும், அவற்றுக்கு இடையே வௌவால் எச்சமும் அடுக்கடுக்காகக் கிடைத்தன. சராசரி எடுத்தால் நானூறு ஆண்டுச் சொச்சம் வரும். ஆனால் ஈராயிரம் ஆண்டுகள் எதுவுமே வராத காலமும் அதில் உண்டு. சில பேரலைகள் ஒரு நூற்றாண்டுக்குள் அடுத்தடுத்து வந்த காலமும் உண்டு. சராசரியைக் கொண்டு நாள் குறிப்பது பயனற்றது.

மற்றொன்றையும் சொல்லியாக வேண்டும். இந்தப் படிவைக் காட்டி, புகாரைக் கடல்கொண்ட செய்தி மெய்ப்பிக்கப்பட்டது என்று எழுதுகிறார்கள். இந்திரவிழா எடுக்காமல் விட்டதால் புகாரைக் கடல் கொண்டதாக மணிமேகலை கூறுவது உண்மை. ஆனால் அக்காப்பியம் சோழப் பேரரசுக்கு முந்தையது. பின்னால் வந்த அலையை முன்னால் எழுதிய நூலுக்குச் சான்றாக்க முடியாது. புகாரின் கரை அரிப்பால் கொஞ்சங் கொஞ்சமாகக் கரைந்ததற்கும் வாய்ப்புண்டு. அதுபோலவே, சோழர் கடற்படை இந்தப் பேரலையில் அழிந்தது என்று சொல்லவும் இடமில்லை. கோயில் கல்வெட்டுகள் நிலக்கொடையையும் விளக்கெரிக்க விட்ட ஆடுகளையும் பதிவு செய்யவே எழுந்தவை. அவை பேரலையைப் பற்றிப் பேசாமையைக் கொண்டு எந்தக் கதையையும் கட்டக் கூடாது.

மக்கள் வாழ்வை மாற்றியதற்கு உறுதியான சான்று வேண்டுமானால் ஆச்சேயைப் பார்க்கலாம். அங்கே கரையோரத்தில் கிடந்த பானை ஓடுகளையும் கல்லறைக் கற்களையும் ஊர் ஊராகக் கணக்கெடுத்த குழு, 14-ஆம் நூற்றாண்டு இறுதியில் தாழ்வான கரையில் இருந்த குடியிருப்புகள் ஒருசேர வெறிச்சோடியதை 2019-இல் காட்டியது. மேட்டு நிலத்தில் இருந்த லாம்ரே மட்டும் தப்பியது. அந்த லாம்ரேதான் மெய்க்கீர்த்தி சொல்லும் இலாமுரி என்பது ஆய்வாளர் கருத்து.

பாக் நீரிணைக் கரை

இக்கட்டுரை எழுதப்படும் கோட்டைப்பட்டினம் புதுக்கோட்டை மாவட்டத்தின் கடலோர ஊர். 2004-இல் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அங்கிருந்து அதிகத் தொலைவில் இல்லாத கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், மணமேல்குடிக் கரையில் இழப்பு மிகக் குறைவு. ஏன் என்று மாணவர்கள் கேட்பதுண்டு. விடை பிளவு இருக்கும் திசையில் இருக்கிறது. நிக்கோபாரிலிருந்து நேராக மேற்கே வரும் அலைக்குக் குறுக்கே இலங்கைத் தீவும் யாழ்ப்பாணக் குடாநாடும் நிற்கின்றன. கோடியக்கரைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையிலுள்ள திறப்பின் வழியாக வளைந்து நுழையும் அலையே நமக்கு வரும்.

ஆழமும் உதவுகிறது. பேரலையின் வேகம் ஆழத்தைப் பொறுத்தது: ஆழத்தையும் புவியீர்ப்பு முடுக்கத்தையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் வேகம் கிடைக்கும். 3,000 மீட்டர் ஆழத்தில் மணிக்கு 600 கி.மீ.க்கு மேல் வரும். நிக்கோபாரிலிருந்து காவிரிக் கழிமுகத்துக்குச் சுமார் 1,400 கி.மீ. என்பதால், பயண நேரம் இரண்டே கால் மணியளவு. 2004-இல் காலை ஆறரைக்கு நடுக்கம், ஒன்பது மணியளவில் அலை என்பதோடு இது ஒத்துப்போகிறது. பாக் விரிகுடாவின் 10 மீட்டர் ஆழத்தில் அதே அலை மணிக்கு 36 கி.மீ. வேகத்தில்தான் நகரும், சேற்றுத் தரையில் உராய்ந்து வலுவிழக்கும்.

சோழர் காலத்துப் பிளவைப் பற்றிய முடிவைச் சோதிக்க இந்தக் கரையே ஒரு களமாகலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. மூலம் நிக்கோபார்ப் பகுதி என்றால், காவிரிப்பூம்பட்டினத்தில் படிந்தது போன்ற மணல் நம் கழிகளில் இருக்கக் கூடாது, அல்லது மிக மெல்லியதாக இருக்க வேண்டும். முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டிலிருந்து மணமேல்குடி வரையுள்ள சேற்றில் குழாய் இறக்கிப் பார்க்கும்போது, ஆயிரம் ஆண்டுப் பழமையான தடித்த கடல்மணல் அடுக்கு கிடைத்தால், அது வேறு திசையிலிருந்து வந்த அலையாகவோ பெரும்புயலாகவோ இருக்க வேண்டும். அப்போது மேலே கழித்த பெயர்களை மறுபடி எடுத்துப் பார்க்க நேரும். வெறும் சேறே கிடைத்தால் அதுவும் நிக்கோபார்ப் பகுதிக்குச் சாதகமான சான்றாகும்.